பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே பெயிண்ட்: எனாமலா, டூக்கோவா, பியூவா?

இடது மட்கார்டில் பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. விரலால் தட்டினேன், பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே தகட்டைக் காணோம், செம்மண் நிறத்தில் துருத்தூள்தான் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பட்டறையில் விட்டு, கேட்ட பணத்தைக் கொடுத்து, பளபளவென்று ஓட்டி வந்த வண்டி அது. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டி (பள்ளத்தை நிரவும் பசை) வைத்து, பட்டியின் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டி மஹிந்திரா எம்.எம். 540. போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள், இது அவற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பி. என்னுடையது ஆள் ஏற்றுவதில்லை. குரங்கணிப் பக்கம் தோப்புக்குப் போய் வரும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதையில் ஒரு தடவை போய் வந்தாலே இரண்டு பக்கமும் முள் கோடு போட்டுவிடும். சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தால் அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் பொத்தல் மட்கார்டோடு போய் நிற்க மனம் வரவில்லை.

இந்த முறை நானே அடிப்பது என்று முடிவு செய்தேன். சரி, எந்த பெயிண்ட்? கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு பதில். பட்டறைக்காரர்கள் பியூ என்றார்கள், ஹார்டனர் என்ற கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பது அது. கட்டில் பீரோவுக்கு பெயிண்ட் அடிக்கும் அண்ணன், சில நிமிடத்தில் காயும் டூக்கோ என்றார். மாமா, "கேட்டுக்கு அடிக்கிற எனாமலை வாங்கி பிரஷ்ஷால இழுத்து விடு மாப்ள" என்றார். மாமா சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தேன்.

எது அதிகம் மினுங்கும் என்று பார்த்தால் இந்த ஒப்பீடு ஒரு வரியில் முடிந்துவிடும்: பியூ. நான் வேறு ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தேன். பெயிண்ட் அடித்து முடித்த அடுத்த வாரம் முள் கிழிக்கத்தான் போகிறது. அந்தக் கீறலை யார், எதை வைத்து, எவ்வளவு நேரத்தில் சரிசெய்வது?

முதலில் ஒரு துண்டுத் துணி

புது பெயிண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் பழைய பெயிண்ட் என்ன என்று தெரிய வேண்டும். டூக்கோவில் கலக்கும் என்.சி. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை வெளியே தெரியாத ஓர் இடத்தில் அரை நிமிடம் அழுத்தி வைத்துத் துடைத்துப் பாருங்கள். நான் டாஷ்போர்டுக்கு அடியில் வைத்தேன். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது டூக்கோ. தோல் சுருங்குவது போலச் சுருங்கினால் எனாமல். எதுவும் ஆகாமல் கல் மாதிரி இருந்தால் ஹார்டனர் கலந்து அடித்த பியூ, அல்லது கம்பெனியில் சூட்டில் வேகவைத்த பெயிண்ட்.

இந்தச் சோதனையைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். எனாமல் மேல் டூக்கோ அடித்தால் டூக்கோவின் தின்னர் கீழே இருக்கும் எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். சில நிமிடங்களில் பானெட் முழுக்கச் சுருக்கம் விழும், எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பியூவின் தின்னரும் முழுதாகக் காயாத எனாமலை இதே மாதிரி செய்யும். தலைகீழாக டூக்கோ மேல் எனாமல் அடித்தால் பெரும்பாலும் சிக்கல் வராது, எனாமலில் கலக்கும் டர்பன்டைன் அவ்வளவு வீரியமானது இல்லை.

என் ஜீப்பில் ஒரே பதில் கிடைக்கவில்லை. கதவுப் பக்கம் கல், பின்பக்கம் சுருக்கம். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தபோது வெங்காயத்தை வெட்டினாற்போல் வளையம் வளையமாக நிறங்கள்: மேலே வெள்ளை, அதற்குள் நீலம், அதற்குள் ஒரு பச்சை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களின் ஆசைகள் எல்லாம் அடுக்கடுக்காக இருந்தன. அதனால் மட்கார்டு, பானெட், தரை மூன்றையும் வெறும் தகடு வரை சுரண்டுவது, மற்ற இடத்தில் கெட்டியாகப் பிடித்திருக்கும் பெயிண்டை அப்படியே விட்டு மேலாகத் தேய்ப்பது என்று முடிவானது.

எந்த பெயிண்டாக இருந்தாலும் மாறாத வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, மொத்த உழைப்பில் முக்கால்வாசிக்கு மேல் இங்கேதான் போகும்.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை எடுத்தேன். கண்ணாடி போடாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது, கம்பி தெறித்து வரும். ஜீப் தகடு தடிமன் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் ஒரே இடத்தில் டிஸ்க்கை வைத்து அழுத்தினால் சூடேறி வளைந்துவிடும். பொத்தல் விழுந்த இடத்தைப் பட்டியால் அடைக்கக் கூடாது. பாடி பட்டி ஈரத்தை உறிஞ்சும், பின்னாலிருந்து தண்ணீர் வந்தால் ஒரு மழைக்காலத்துக்குள் ஊதிவிடும். புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைப்பதுதான் சரி. அதற்கு மட்டும் வெல்டிங்காரரை வரவழைத்தேன். பள்ளம் நெளிசலை நிரவத்தான் பட்டி, அதுவும் மெலிதாக.

பாஸ்ஃபாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி டின்களில் கிடைக்கிறது. குழியில் மிஞ்சிய துருவுக்கு நல்ல மருந்துதான், ஆனால் வேலை முடிந்ததும் டின்னில் சொன்னபடி கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். அமிலம் மிச்சம் இருந்தால் அதன்மேல் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு சரியாகப் பிடிக்காது.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது வரும் தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் அமலானது. தொண்ணூறுகளின் வண்டி பெயிண்டில் ஈயம் இருக்காது என்று நம்பிக்கொண்டு தேய்க்கக் கூடாது, முக்கியமாகப் பழைய மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில். பழைய பெயிண்ட் இருக்கும் இடத்தில் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், தூள் பறக்காது. குழந்தைகள் விளையாடும் மண்ணில் அந்தக் கழிவை விடவில்லை. வெறும் தகட்டையும் பட்டியையும் மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு உலர்வாகத் தேய்த்தேன், தண்ணீர் பட்ட வெறும் தகடு மறுநாள் காலையில் மஞ்சள் பூத்து நிற்கும்.

உப்புத்தாள் கணக்கு (எண் கூடக் கூடத் தாள் நைஸ்): துருவுக்கு 80, பட்டிக்கு 180, பிரைமருக்கு மேல் 320 அல்லது 400, கடைசிப் பூச்சுகளுக்கு இடையே தண்ணீரோடு 600.

அப்புறம் பிரைமர். பட்டறைகளிலும் வெல்டிங் கடைகளிலும் பார்க்கும் ரெட் ஆக்ஸைடு மலிவு, எங்கேயும் கிடைக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி. ஆனால் அது மட்டும் அடித்து, மேல்பூச்சு "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஈரம் ஊடுருவி உள்ளே துரு தொடங்கிவிடும். எபாக்ஸி பிரைமர் இரண்டு டப்பாவாக வரும், கலந்து அடிக்க வேண்டும், விலை பல மடங்கு. தகட்டில் அது பிடிக்கும் பிடியும் ஈரத்தைத் தடுக்கும் விதமும் வேறு தரம். பழைய பெயிண்ட் என்னவென்று குழப்பமாக இருக்கும் இடத்தில் புதியதற்கும் பழையதற்கும் நடுவே சுவராகவும் நிற்கும். வெயிலை மட்டும் தாங்காது, மேல்பூச்சு இல்லாமல் விட்டால் சுண்ணாம்பு போல வெளுக்கும். இத்தனை மணி நேரத்துக்குள் மேல்பூச்சு வேண்டும் என்று டின்னில் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் மறுபடி தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

மேல்பூச்சில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், பிரைமரில் வேண்டாம். என் பழைய பெயிண்டை அப்பளமாக்கியது மேல்பூச்சு இல்லை.

ஸ்ப்ரே கேன், ஸ்டிக்கர்

இரண்டையும் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். 400 மில்லி கேன் ஒன்றில் இரண்டு மூன்று பூச்சாக ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான் ஒப்பேறும். ஜீப்பின் உள்ளும் வெளியும் சேர்த்தால் 15 சதுர மீட்டருக்குக் குறையாது. அத்தனை கேன் வாங்கும் காசில் நல்ல பெயிண்டே வாங்கலாம். சாதாரண கேனில் ஹார்டனரும் கிடையாது, டீசல் மூடியைச் சுற்றி வழிந்த டீசலே அதை இளக்கிவிடும். கிரில், வீல், கண்ணாடிச் சட்டம் மாதிரி சின்னச் சாமான்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது நகரத்தில் கார்களுக்கு நன்றாக இருக்கிறது. அது நல்ல பெயிண்டின் மேல்தான் ஒட்டும், துருவின் மேலும் கொப்புளத்தின் மேலும் ஒட்டாது. ஜீப்பில் கீல், போல்ட், மடிப்பு என்று அடிக்கு ஒரு தடங்கல். முள்ளுக்கு முன்னால் ஸ்டிக்கர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டூக்கோ

டூக்கோ என்பது ஒரு காலத்தில் ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். 1920களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் அது. அதற்கு முன்னால் ஒரு காருக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. டூக்கோ வந்ததும் அது நாள் கணக்காகச் சுருங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு கலர் கலராகக் கார் விற்றது. கம்பெனிப் பெயர் தேய்ந்து நம் ஊரில் பீரோவுக்கும் கதவுக்கும் அடிக்கிற பெயிண்டின் பொதுப்பெயராகிவிட்டது.

இன்றைக்கும் அதன் பலம் அந்த வேகம்தான். ஸ்ப்ரே கன்னிலிருந்து வெளியேறி சில நிமிடங்களில் காய்ந்துவிடும். தூசு ஒட்ட நேரமில்லை. வாசலில் வைத்து அடிப்பவனுக்கு இது பெரிய வரம். காற்றில் பறக்கும் பூச்சும் விழுமுன்னே தூளாகிவிடுவதால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டிக்கும் ஆபத்து குறைவு. வடிந்தால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். புதுப் பூச்சு பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், அதனால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. பழுதுபார்க்க இதைவிட எளிய பெயிண்ட் இல்லை.

பலவீனங்களும் சின்னவை அல்ல. பூச்சு மெலிது, நாலைந்து முறை அடித்தால்தான் உடம்பு தெரியும். காய்ந்ததும் மினுமினுப்பு வராது, பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பெட்ரோல் பட்டால் கறை, வெயிலில் வெளிறல், வயதானால் விரிசல். காற்றில் ஈரம் அதிகம் இருக்கும் நாளில் அடித்தால் மேலே பால் படர்ந்தது போல வெள்ளை பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகித் தகட்டைக் குளிர்விக்கும், அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பெயிண்டில் படிவதால் வரும் வினை அது. நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பிடிக்கும் வகை என்பதையும் மறக்க வேண்டாம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அடுப்பங்கரை வாசல் பக்கம் வைத்து அடிக்கவே கூடாது.

காரேஜில் நின்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டியாக இருந்தால் டூக்கோவை யோசித்திருப்பேன்.

பியூ

பாலியூரித்தேன், சுருக்கமாக பியூ. பட்டறைகள் இதைச் சொல்வதில் தப்பில்லை. ஹார்டனர் கலந்ததும் உள்ளுக்குள் வினை நடந்து கெட்டியாகிறது. அதனால் பெட்ரோல், டீசல், வெயில் எதற்கும் எளிதில் அசையாது. மினுமினுப்பு தானாக வரும். நல்ல தயாரிப்பின் மேல் அடித்த பியூ எனாமலைப் போல இரண்டு மடங்கு காலம் நிற்கும் என்றால் மிகையில்லை. பட்டறையில் தூசு புகாத அறையில் அடித்து 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து எடுப்பார்கள்.

வீட்டில்தான் தகராறு. முதலாவது காற்று. நல்ல ஸ்ப்ரே கன் கேட்கும் அளவு காற்றை டயருக்கு அடிக்கும் சின்ன கம்ப்ரஸர் தராது. ஒரு எச்.பி. மோட்டாரில் பானெட்டின் பாதியிலேயே அழுத்தம் இறங்கி, பெயிண்ட் பொடியாகாமல் சொட்டாக விழும், ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். குறைந்த காற்றில் ஓடும் கன்கள் இருக்கின்றன, அவற்றோடு இரண்டு எச்.பி. கம்ப்ரஸர் இருந்தால் ஒவ்வொரு பாகமாகச் சமாளிக்கலாம். குழாயில் தண்ணீர் பிரிப்பான் கட்டாயம். முனை 1.3 அல்லது 1.4 மி.மீ., பிரைமருக்கு அதைவிடப் பெரியது.

இரண்டாவது அக்கம்பக்கம். பியூவின் புகைப்பூச்சு காயாமலே பறந்து போய் எதன் மேல் இறங்குகிறதோ அதிலேயே கெட்டியாகும். எதிர்வீட்டு வெள்ளை ஸ்கூட்டரில் பச்சைப் புள்ளி விழுந்தால் அந்தப் பஞ்சாயத்து பெயிண்டைவிட நீண்ட நாள் நிற்கும்.

மூன்றாவதுதான் என்னை முடிவாகத் தடுத்தது. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதைப் புகையாக அடித்து மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஒவ்வாமை பிடித்துக்கொள்ளலாம். ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் அப்புறம் துளி அளவு பட்டாலே ஆஸ்துமா மாதிரி மூச்சிறைக்கும். பெயிண்டர்களுக்கு வரும் தொழில்நோய்களில் இது முக்கியமானது. தூசுக்குப் போடும் என்95 இந்த ஆவியைத் தடுக்காது. கரிப்பொதி வைத்த முகமூடி பரவாயில்லை, ஆனால் ஐசோசயனேட்டின் வாசனை மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு ஆபத்தைத் தாண்டியிருக்கும். பொதி தீர்ந்துபோனதை மூக்கு சொல்லாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாயில் வரும் முகமூடிதான் உண்மையான பாதுகாப்பு. கைலியும் கைக்குட்டையும் கட்டிக்கொண்டு இதை அடிக்கும் பையன்களைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பார்த்ததனால்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் தாண்டினாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பியூவில் முள் கீறிய ஒரு கோட்டைச் சரிசெய்ய ஒரு ஸ்பூன் பெயிண்ட் போதும், ஆனால் அதற்கும் ஹார்டனர் அளந்து கலக்க வேண்டும். மிச்சம் சில மணி நேரத்தில் டப்பாவிலேயே கல்லாகும், கன்னில் விட்டால் கன்னும் போச்சு. சின்ன வேலைக்கு பியூ பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி.

பாதி நான், பாதி பட்டறை

துரு, வெல்டிங், பட்டி, பிரைமர் வரை வீட்டில் முடித்துக்கொண்டு கடைசி பியூ பூச்சுக்கு மட்டும் பட்டறையில் கொடுப்பது ஒரு வழி. காகிதத்தில் இதுதான் சிறந்தது. கேட்டுப் பார்த்தேன். பெயிண்டர் அண்ணன் நேராகவே சொன்னார்: "தம்பி, அடியில நீங்க என்ன செஞ்சீங்களோ எனக்குத் தெரியாது. நாளைக்கு எழும்புச்சுன்னா நான் பொறுப்பில்ல." நியாயமான பேச்சு. உங்கள் தயாரிப்பில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், ஜீப்பை மினுக்கி வைத்துக்கொள்ளவும் ஆசை இருந்தால், இந்த வழியில் போங்கள். நகரத்தில் ஓடும் வண்டிக்கு என் சிபாரிசு இதுதான்.

எனாமல்

கடைசியில் மாமாவிடம் வந்து சேர்ந்தேன்.

சிந்தெடிக் எனாமல் ஒரே டின். ஹார்டனர் இல்லை, ஐசோசயனேட் இல்லை. டர்பன்டைன் வாசனை இருக்கிறது, காற்றோட்டம் வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமலே அடிக்கலாம், மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. கன்னில் அடித்தால் பாதிக்குப் பாதி காற்றில் போய்விடும், ரோலரில் வாங்கியது எல்லாம் தகட்டிலேயே சேரும். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு சுமார் பத்து சதுர மீட்டர் வரும். நான்கு மெல்லிய பூச்சுக்கு எனக்கு ஐந்து லிட்டருக்கும் கொஞ்சம் அதிகம் ஆனது.

வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமலும் இயந்திரங்களுக்கு அடிக்கும் எனாமலும் ஒன்றில்லை. டிராக்டருக்கும் மோட்டாருக்கும் அடிப்பதைக் கேட்டு வாங்குங்கள், எண்ணெய்க்கும் வெயிலுக்கும் அது கூடுதலாகத் தாங்கும். எந்த எனாமலானாலும் பிரேக் ஆயிலிடம் மட்டும் விளையாட்டு வேண்டாம், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ரோலரில் அடித்தால் கோடு தெரியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கெட்டியாக, இரண்டே பூச்சில் முடிக்கப் பார்த்தால் தெரியும். நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர், பத்துக்கு ஒன்றரை பங்கு டர்பன்டைன், கீழே இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது, திட்டுத்திட்டாக இருக்கும், மனம் உடைய வேண்டாம். உருட்டியதும் குமிழ் வரும். நல்ல மென்மையான பிரஷ்ஷின் நுனியால், எடையே தராமல், ஒரே திசையில் ஒரு இழு. குமிழ் உடைந்து சமமாகப் படியும். மறுநாள் வரை விட வேண்டும், ஒரு நாள் கூடுதலாக விட்டால் நல்லது. இரண்டு பூச்சுக்கு ஒரு முறை 600இல் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்க்க வேண்டும்.

ஜீப்பின் அமைப்பு இதற்கு ரொம்பவே ஒத்துழைக்கிறது. மட்கார்டு, பானெட், டெயில் கேட், முன்கண்ணாடிச் சட்டம் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்கவைத்து அடித்தேன். படுத்திருக்கும் தகட்டில் பெயிண்ட் வடிய முடியாது. கார் பாடியில் இந்தச் சௌகரியம் கிடையாது. மெட்டாலிக் நிறத்துக்கு மட்டும் ரோலர் உதவாது, அதிலுள்ள அலுமினியத் துகள் ஒரே மாதிரி படியாது. தனி நிறம்தான்.

குறைகளை மறைக்கவில்லை. மேலாகக் காய ஒரு நாள், உள்ளே இறுக மூன்று நாலு வாரம். அதுவரை நகம் பட்டால் தடம் விழும், டீசல் பட்டால் இளகும். வெட்டவெளியில் நின்றால் மூன்று நாலு ஆண்டில் மினுமினுப்பு மங்கும். மெதுவாகக் காய்வதால் தூசும் பூச்சியும் விருந்துக்கு வரும். சாயங்காலம் விளக்குப் போட்டுக்கொண்டு அடித்த ஒரு மட்கார்டில் ஈசல் பத்துப் பன்னிரண்டு நிரந்தரமாகக் குடியேறின, மறுநாள் அதைத் தேய்க்கவே அரை நாள். இன்னொன்று, எனாமல் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் குவிக்காதீர்கள். காயும்போது உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றலாம். கொடியில் விரித்துக் காயவிட்டு எறியுங்கள்.

மினுமினுப்பு குறைவு என்பதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. முழுப் பளபளப்பு கண்ணாடி மாதிரி, தகட்டின் ஒவ்வொரு நெளிசலையும் எடுத்துக் காட்டும். முப்பது வருட ஜீப்பில் நெளிசலுக்கா பஞ்சம்? பாதி மினுக்கம் உள்ளதை வாங்கினேன், என் டிங்கரிங் லட்சணம் அதில் பாதி மறைந்தது.

தரைக்கு மட்டும் வேறு

வண்டிக்குள் தரையில் எனாமல் நிற்காது. மண்வெட்டி, ஜாக்கி, சேறு மிதித்த செருப்பு, மாங்காய்ப் பெட்டி. அங்கே பெட்லைனர் பூசினேன், பிக்கப் வண்டிகளின் பின்தொட்டிக்குப் பூசுகிற சொரசொரப்பான பூச்சு. இதுவும் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை, ஹார்டனர் உண்டு. ரோலரில் உருட்டியதால் புகை கிளம்பவில்லை, ஆனாலும் கையுறை, முகமூடி, திறந்த வெளி மூன்றும் இருந்தன. வண்டி முழுக்க இதையே அடிக்கிறார்கள் சிலர், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. சொரசொரப்பில் சேறு தங்கும், கழுவினால் போகாது. அடியில் துரு வந்தால் வெளியே தெரியவும் தெரியாது, எடுக்க நினைத்தால் எடுக்கவும் வராது. வண்டிக்கு அடியில் பூசும் தார் மாதிரியான அண்டர்கோட்டிங்குக்கும் இதே எச்சரிக்கை. சுத்தத் தகட்டின் மேல் என்றால் கவசம், துருவின் மேல் என்றால் துருவுக்குப் போர்த்திய கம்பளி.

நிறமும் நாளும்

ஜீப் என்றதும் எல்லோருக்கும் ராணுவப் பச்சைதான் மனதில் வரும். எனக்கும் வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 121ஆம் விதியைப் பாருங்கள்: ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும். வேறு எந்த நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி.யில் இருக்கும் நிறத்தோடு ஒத்துப்போகாது என்பதால் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும், கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். என் ஆர்.சி.யில் வெள்ளை. அலைச்சலை நினைத்து வெள்ளையிலேயே நின்றுவிட்டேன். ஒட்டுப்போட வெள்ளை எளிது, வெயிலில் வெளிறுவதும் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புதான் சீக்கிரம் மங்கும்.

நாளைப் பொறுத்தவரை, ஆடியில் எங்கள் பக்கம் அம்மி பறக்கிறதோ இல்லையோ புழுதி பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசிதான் தோது. அதிகாலைப் பனி தகட்டில் இருக்கும், ஒன்பது மணிக்குத் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்றால் ஆரம்பித்து, தகடு சுடுவதற்குள் நிறுத்திவிடுவேன். சுடுகிற தகட்டில் பெயிண்ட் படியுமுன் இறுகி ரோலர் தடம் நிற்கும். டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷை அந்த மாதம் வண்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அது பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி வட்டவட்டமாகக் குழி விழும்.

கடைசியில் என் ஜீப்பில் நின்றது இது: சுரண்டிய இடமெல்லாம் எபாக்ஸி பிரைமர், வெளியே நாலு பூச்சு வெள்ளை எனாமல், தரையில் பெட்லைனர், கிரில்லுக்கு ஸ்ப்ரே கேன். வார இறுதிகளில் மட்டும் செய்ததால் இரண்டு மாதம் போனது. இன்ஸ்பெக்டர் பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஹாரனைத்தான் சரிசெய்யச் சொன்னார்.

மிச்ச பெயிண்டை ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றி, ஆடை படியாமல் இருக்கத் தலைகீழாகக் கவிழ்த்து சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரமே குரங்கணிப் பாதையில் இண்டு முள் வலது பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட்டது. தோப்பில் நிறுத்தி, துடைத்து, 400 தாளால் நாலு தேய், பாட்டிலைத் திறந்து சின்ன பிரஷ்ஷால் ஒரு இழு. டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் திட்டு தெரிகிறது. நாலடி தள்ளி நின்றால் தெரியவில்லை.